உற்பத்தி நின்றுபோன பியூல் (Buell) மோட்டார்சைக்கிளை வாங்கலாமா?

செங்காங் கதிரவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் வகுப்பு உரிமம் கைக்கு வந்துவிட்டதால், இப்போது ஓட்டும் 400 சிசி வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டிக்கு மாறலாம் என்று எண்ணியிருக்கிறேன். விற்பனைக்கு வந்தவற்றில் என் மனத்தைப் பிடித்தது பியூல் எக்ஸ்பி12எஸ் லைட்னிங். முதற்பதிவு 2008 ஆகஸ்ட். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழ் 2018-இல் பத்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருப்பதால் 2028 ஆகஸ்ட் வரை ஓட்டலாம். கேட்கும் விலை 7,800 வெள்ளி. உரிமையாளர் வண்டியை நன்றாகவே வைத்திருக்கிறார், பழுதுபார்ப்பு ரசீதுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்.

என் தயக்கம் வண்டியைப் பற்றியதன்று, அதைச் செய்த நிறுவனத்தைப் பற்றியது. பியூலின் தாய் நிறுவனமான ஹார்லி-டேவிட்சன் 2009 அக்டோபரில் பியூல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, அந்த மாதமே விஸ்கான்சின் மாநிலத்தின் ஈஸ்ட் டிராய் ஊரிலிருந்த தொழிற்சாலையில் கடைசி வண்டியும் வெளிவந்துவிட்டது என்று படித்தேன். அதாவது, நான் வாங்க நினைக்கும் வண்டி வெளிவந்த அடுத்த ஆண்டே அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். உத்தரவாதத்தை மதிப்போம், உதிரிபாகங்களை முகவர்கள் வழியாகத் தொடர்ந்து தருவோம் என்று ஹார்லி அப்போது சொன்னது உண்மைதான்; ஆனால் அந்த வாக்குறுதியை நம்பி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் பணம் போடலாமா என்பதே என் கேள்வி.

வீட்டிலிருந்து சாங்கி வணிகப் பூங்காவுக்கு வேலைக்குச் செல்வதற்கும், எப்போதாவது காஸ்வே தாண்டி மலேசியாவுக்குப் போய்வருவதற்கும் வண்டி வேண்டும். இந்த வண்டியையோ, தயாரிப்பு நின்றுபோன வேறு வண்டிகளையோ வைத்திருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

காக்கி புக்கிட் முத்து எழுதியது:

தம்பி கதிரவன், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவை பெரும்பாலும் ஜப்பானிய வண்டிகள்தாம் என்றாலும் பியூல் வண்டிகளிலும் கை வைத்திருக்கிறேன். நிறுவனம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, வண்டியிலுள்ள எந்தப் பாகத்தை அந்த நிறுவனம் மட்டுமே செய்தது என்று பார்ப்பதுதான் பயன் தரும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறைந்துவிடும். மிச்சப் பாதி நியாயமான பயம்.

எக்ஸ்பி12எஸ்-இன் இன்ஜின் 1,203 சிசி, காற்றால் குளிரும் வி-ட்வின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்டது. ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினிலிருந்து பிறந்தது. சிலிண்டர் ஹெட் போன்ற பல பாகங்கள் பியூலுக்கென்றே மாற்றிச் செய்யப்பட்டவை என்பதால் ஸ்போர்ட்ஸ்டர் பாகம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஆனாலும் அடிப்படை ஒன்றே என்பதால், ஹார்லி இன்ஜின்களில் பழகிய மெக்கானிக் எவருக்கும் அதன் உள்ளமைப்பு புதிராக இருக்காது. டயர்கள் எங்கும் கிடைக்கிற 17 அங்குல அளவுதான். பிரேக் பேட், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி, பேரிங், சீல் ஆகியவற்றுக்கும் வெளிச்சந்தையில் குறை கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் வழக்கமாகத் தேய்வது இவைதாம்.

இனி, பியூலுக்கே உரியவை. இந்த வண்டியில் பெட்ரோல் டாங்கி இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதன் கீழே காற்று வடிகட்டிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் நிற்பது அலுமினியச் சட்டத்துக்குள். இன்ஜின் ஆயில் நிற்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்குள். புகைக்குழாயின் சைலன்சர் இன்ஜினுக்கு அடியில் தொங்குகிறது. முன் பிரேக்கின் தட்டு 375 மில்லிமீட்டர் அகலத்தில் சக்கரத்தின் நடுவே இல்லாமல் விளிம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. எரிக் பியூல் என்ற பொறியாளரின் இந்த யோசனைகளெல்லாம் எடையைக் கீழேயும் நடுவிலேயும் கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்டவை. 1,320 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியுள்ள அந்த வண்டி வளைவில் எப்படித் திரும்புகிறது என்பதை ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் அதே காரணத்தால் சட்டம், ஸ்விங்ஆர்ம், முன்சக்கரம் ஆகிய மூன்றுக்கும் பியூல் அல்லாத எந்த வண்டியிலிருந்தும் மாற்று எடுக்க முடியாது. பிரேக் தட்டை வெளி நிறுவனங்களும் செய்வதால் அதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

ஆகவே பார்க்கப் போகும்போது முதலில் குனிந்து ஸ்விங்ஆர்மின் அடிப்பக்கம் உள்ள ஆயில் பிளக்கைப் பாருங்கள். அலுமினியத்தில் போட்ட மரை அது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் யாராவது அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் மரை தேய்ந்திருக்கும், சுற்றிலும் ஈரமாக இருக்கும், சில சமயம் பிசின் பூசி மறைத்திருப்பார்கள். சாதாரண வண்டியில் இது சில வெள்ளி வேலை. இதில் மரை மீட்பு சரியாக அமையாவிட்டால் ஸ்விங்ஆர்மையே தேட வேண்டி வரும். அடுத்து, டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு சட்டத்தின் இரு பக்கமும், குறிப்பாக ஸ்டியரிங் கழுத்துக்கு அருகிலும் இன்ஜின் பொருத்தப்பட்ட இடங்களிலும், கீறலோ பற்றவைத்த அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த வண்டியாக இருந்தால், நெளிந்தது சட்டம் மட்டுமன்று, பெட்ரோல் டாங்கியும்தான். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பின்சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, பெல்ட். அதன் ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா, பல்லுக்கு இடையே கல் குத்திய ஓட்டை இருக்கிறதா என்று சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். மாற்றுப் பெல்ட் கிடைக்கும் என்றாலும் நம் ஊரில் கேட்ட அன்றே கிடைக்காது. சைலன்சர் மழைநீரும் சேறும் தெறிக்கிற இடத்தில் இருப்பதால் துருவையும் கவனியுங்கள். முந்தைய உரிமையாளர் வேறு புகைக்குழாய் மாட்டியிருந்தால் அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டைத் தாண்டிய மோட்டார்சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எக்ஸ்பி வண்டிகளில், மேல்பகுதி கேஸ்கெட் மாற்றுவது போன்ற சில வேலைகளுக்கே இன்ஜினைச் சட்டத்திலிருந்து தளர்த்திக் கீழே சாய்க்க வேண்டும். முறை தெரிந்தவருக்கு அது பெரிய வேலை இல்லை. தெரியாதவர் கையில் கொடுத்தால் கூலி ஏறிக்கொண்டே போகும். ஆகவே வண்டியை வாங்குவதற்கு முன் பட்டறையைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த ரசீதுக் கோப்பில் ஒரே பட்டறையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர்களிடம் பேசிவிடலாம்.

பிடோக் மலர் எழுதியது:

முத்து அண்ணன் இயந்திரத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் சிங்கப்பூரில் பழைய வண்டி வாங்குவது பாதி வண்டியையும் பாதி காகிதத்தையும் வாங்குவதாகும்.

2028 ஆகஸ்டில் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கும். அப்போதைய சராசரி சிஓஇ கட்டணத்தை முழுமையாகச் செலுத்திப் பத்தாண்டு நீட்டிக்கலாம். பாதியைச் செலுத்தி ஐந்தாண்டு நீட்டிக்கலாம், ஆனால் அதற்குப் பின் மறுபடி புதுப்பிக்க முடியாது. அல்லது பதிவை நீக்கலாம். மோட்டார்சைக்கிள் பிரிவின் சிஓஇ 2022 இறுதியில் 13,000 வெள்ளியைத் தாண்டியதை நாமெல்லாரும் பார்த்தோம். பிறகு இறங்கியது என்றாலும், பழைய மலிவுக் காலம் திரும்பும் என்று யாரும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆகையால் இப்போது நீங்கள் கொடுக்கும் 7,800 வெள்ளியைவிட, அன்று இருபது வயதான, தயாரிப்பாளர் இல்லாத ஒரு வண்டிக்கு அத்தனை பெரிய தொகையைக் கட்ட மனம் வருமா என்பதுதான் உண்மையான கேள்வி. வராது என்றால், இந்த விலையை மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். இடையில் பதிவை நீக்கினால் எஞ்சிய காலத்துக்குரிய சிஓஇ தொகை திரும்பக் கிடைக்கும் என்பது ஆறுதல்தான், ஆனால் அது 2018-இல் கட்டிய தொகையின் அடிப்படையில் கணக்கிடப்படும், இன்றைய விலையில் அன்று. பதிவை நீக்கும்போது கார்களுக்குக் கிடைக்கும் பிஏஆர்எஃப் என்ற கழிவு மோட்டார்சைக்கிள்களுக்குக் கிடையாது.

அமெரிக்காவில் பியூல் வைத்திருப்பவர்கள் எழுதுவதைப் படித்தால் எல்லாம் எளிது போலத் தோன்றும். அவர்களில் பலர் ஓடாத வண்டி ஒன்றை மலிவாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் போட்டு, வேண்டும்போது பாகங்களைக் கழற்றிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வசதி அறவே இல்லை. பதிவு நீக்கிய வண்டியை ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் அதை மூடி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. பழைய வண்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பதிவு செய்வதும் சாதாரணமாக நடக்கிற காரியமன்று. எனவே இங்கே ஓடும் பியூல்களின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஒவ்வொரு பாகத்துக்கும் நீங்கள் வெளிநாட்டுக் கடையையே நம்பியிருக்க வேண்டும். பொருளின் விலையும் அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு ஸ்விங்ஆர்முக்கு விமானக் கட்டணமே என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் காப்பீட்டுக்கு விலை கேட்டுவிடுங்கள். வயதான வண்டிகளுக்கு முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே கிடைத்தால், வண்டி விழுந்து சட்டம் நெளிந்தால் முழு இழப்பும் உங்களுடையது.

என்னைக் கேட்டால், இதை ஒரே வண்டியாக வைத்து நாள்தோறும் வேலைக்குப் போக நினைப்பவர் வாங்கக் கூடாது.

தேக்கா சேகர் எழுதியது:

மலர் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் நிறுவனம் மூடியதும் வண்டியின் கதை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம்மவர்களுக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நான் வடசென்னையில் வளர்ந்தவன். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-க்குள் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டது. ஆனால் 1955-லேயே தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தது. தாய் நிறுவனம் போன பிறகும் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பழைய புல்லட்டுகளுக்குச் சென்னையிலிருந்து பாகம் வாங்க முடிந்தது அதனால்தான். மைசூரின் ஐடியல் ஜாவா 1996-இல் மூடியபோது அப்படி ஒரு வாரிசு கிடையாது. இருந்தும் அது செய்த யெஸ்டி ரோட்கிங் வண்டிகள் இன்றும் இந்தியச் சாலைகளில் ஓடுகின்றன. சிறு சிறு பட்டறைகள் பிஸ்டன் முதல் கேபிள் வரை செய்து விற்கின்றன. சிங்கப்பூரிலேயே, சிறிய வண்டிகளுக்கான 2பி உரிமக்காரர்கள் ஒரு காலத்தில் ஆசைப்பட்ட கஜிவா மித்தோவை நினைத்துப் பாருங்கள். கஜிவா என்ற பெயரே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது, ஆனால் அந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான பிஸ்டன்களை வெளி நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன.

யெஸ்டியின் இன்ஜின் எளிமையானது, கடைசலில் உருவாக்கக்கூடியது. பியூலின் எரிபொருள் செலுத்தல் கணினிப் பெட்டியைத் தெருமுனைப் பட்டறை செய்து தர முடியாது. ஆனால் அதற்கும் ஆர்வலர்கள் வழி கண்டிருக்கிறார்கள்: ஈசிஎம்ஸ்பை என்ற மென்பொருளும் ஒரு கம்பியும் இருந்தால், முகவரின் கருவி இல்லாமலேயே மடிக்கணினியில் பிழைக் குறிப்புகளைப் படிக்கலாம், அமைப்புகளைச் சரிசெய்யலாம். பியூல் தன் வாழ்நாளில் 130,000க்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தது. புல்லட்டோடு ஒப்பிட்டால் சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பியூலுக்கென்றே சில கடைகள் பிழைத்திருக்க அது போதுமாக இருக்கிறது. அந்தக் கடைகள் இருக்கும்வரை இது அநாதை வண்டி அன்று. அவையும் போனால் என்னவாகும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

செங்காங் கதிரவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 400 சிசி வண்டியை உடனே விற்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு வண்டிக்கும் நிறுத்துமிடக் கட்டணமும் சாலை வரியும் கட்டுவது கொஞ்சம் கடினம், ஆனால் முடியாததில்லை.

இதற்கிடையே இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டன. ஒன்று பியூல் 1125ஆர், 2009 பதிவு, விலையும் ஏறத்தாழ இதேதான். மற்றொன்று 2002-இல் பதிவான பழைய பியூல், விலை மிகவும் குறைவு. 1125ஆரில் இருப்பது ரோட்டாக்ஸ் இன்ஜின், அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது என்பதால் அது பாதுகாப்பான தேர்வாக இருக்குமா?

காக்கி புக்கிட் முத்து எழுதியது:

2002 வண்டியை முதலில் தள்ளிவிடுங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு நம் சாலைகளில் ஓடக்கூடாது. அந்த விலைக் குறைவுக்குக் காரணம் அதுதான்.

1125ஆர் பற்றி நீங்கள் நினைப்பது காகிதத்தில் சரி, கையில் தவறு. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் அந்த இன்ஜினைப் பியூலுக்காகச் செய்து கொடுத்தது என்பது உண்மை. ஆனால் இன்ஜினைச் செய்தவர் இருக்கிறார் என்பதற்காக அதன் பாகங்களை நமக்கு விற்பார் என்று அர்த்தமில்லை. பாகங்கள் வண்டி நிறுவனத்தின் வழியாகத்தான் வந்தன. அந்த வழியும் பலமுறை கை மாறியிருக்கிறது. ஹார்லி பியூலை மூடிய பின் எரிக் பியூலே எரிக் பியூல் ரேசிங் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். 1125-இன் அடிப்படையில் 1190 வண்டிகள் வந்தன. 2013-இல் நம் ஹீரோ மோட்டோகார்ப் அதில் 49.2 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2015 ஏப்ரலில் அதுவும் கதவை மூடியது. சொத்துகளை வாங்கியவர்கள் 2021-இல் பியூல் என்ற பெயரையே மீண்டும் கொண்டுவந்து, மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலிருந்து 1190 வகை வண்டிகளைச் செய்கிறார்கள். அதனால் 1125-க்கு ஒரு பாதி உயிருள்ள உறவினர் உண்டு, எக்ஸ்பிக்கு அது இல்லை. ஆயினும் 1125 நீரால் குளிரும், 146 குதிரைத்திறன் கொண்ட, மிகவும் சிக்கலான இயந்திரம். அதன் மின்னுற்பத்திச் சுருளான ஸ்டேட்டர் வெப்பத்தில் கருகுவது பியூல் வட்டாரத்தில் ஊரறிந்த செய்தி. நம் ஊரின் வெயிலிலும் விரைவுச்சாலை நெரிசலிலும் அதை நாள்தோறும் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். ஹார்லியில் பழகிய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த இன்ஜினை விட்டு, அபூர்வமாகவே யாரோ கை வைத்த இன்ஜினுக்குப் போக நான் சொல்லமாட்டேன்.

எக்ஸ்பியும் வெயிலில் சுகமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பின் சிலிண்டருக்கென்று தனி விசிறி இருக்கிறது; சிக்னலில் நிற்கும்போது மட்டுமன்று, சாவியை எடுத்த பிறகும் இரைந்துகொண்டே இருக்கும். அது பழுதின் அறிகுறி அன்று. சூடான வண்டியை நிறுத்திய பிறகு விசிறி சுற்றவே இல்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டு வண்டி வைத்துக்கொள்ள முடியும் என்றால் மலரின் முக்கியமான மறுப்பு நீங்கிவிடுகிறது, ஏனெனில் பாகம் வர மூன்று வாரமானாலும் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கும். ஒரே வண்டிதான் என்றால் நானும் அவர் பக்கம். மலேசியப் பயணத்தைப் பொறுத்தவரை, முதல் சில மாதம் ஜோகூரைத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு மாற்றுப் பெல்ட்டையும் முன் பிரேக் பேடையும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு தொலைவு போகலாம்.

பிடோக் மலர் எழுதியது:

முத்து அண்ணன் சொன்னபடி இரண்டு வண்டி என்றால் எனக்கும் மறுப்பில்லை, விலையில் மட்டும் உண்டு. 2028-இல் புதுப்பிக்கப் போவதில்லை என்ற எண்ணத்தோடு பேரம் பேசுங்கள். அப்போதுதான் சரியான எண் மனத்தில் நிற்கும். விற்பவர் பெயரில் வண்டிக்குக் கடன் நிலுவை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உரிமை மாற்றத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் இருவரும் சிங்பாஸ் எனும் மின்னடையாளம் வழியாக உறுதிசெய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். பட்டறையில் வைத்துச் சோதிக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

செங்காங் கதிரவன் எழுதியது:

விற்பவரிடம் பேசினேன். சனிக்கிழமை காலை, இன்ஜின் சூடாகாத நிலையில், ரசீதுகளில் பெயர் வருகிற அதே பட்டறையில் வைத்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். காப்பீட்டில் ஒரு நிறுவனம் மூன்றாம் தரப்புக்கு மட்டும் விலை கொடுத்திருக்கிறது, இன்னொன்றின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஸ்விங்ஆர்ம் பிளக்கும் சட்டமும் சரியாக இருந்தால் 6,500 வெள்ளி கேட்கப் போகிறேன். 7,000-க்கு மேல் போவதாக இல்லை.